மேல் டிவிசனின் பச்சைக் கட்டம்

டேட்டாபேஸ் சேர்வருக்குக் கண்காணிப்பு எப்படிப் போடுவது என்று எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். எந்த மென்பொருளை இறக்குவது, எந்தக் கோப்பில் எதை மாற்றுவது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். என் காலத்து வித்தையைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் உங்கள் மேசைகளுக்கு எதிரே சுவரில் தொங்குகிற திரையில், பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவில் ஒரு சாம்பல் நிறம் இருக்கிறதே, அது எப்படி வந்தது என்று உங்களில் ஒருத்தர்கூட என்னிடம் கேட்டதில்லை. எனக்குப் பிரியாவிடை வைத்த அன்று கேக் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அந்தத் திரைக்குக் கீழேயே நின்றேன், யாராவது கேட்பீர்கள் என்று. எல்லோரும் படம் எடுத்துக்கொள்வதில் மும்முரமாக இருந்தீர்கள். சரி, நானே சொல்லிவிடுகிறேன். நல்ல கதை இல்லை. என்னை நல்லவனாகக் காட்டுகிற கதையும் இல்லை.

நான் கொட்டகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவன். அம்மா கொழுந்து எடுத்தவர். ஹட்டனில் கம்பெனியின் காரியாலயத்தில் எழுதுவினைஞராகச் சேர்ந்தேன். கம்பியூட்டர் வந்து இறங்கிய நாளில் அதைத் தொடப் பயப்படாதவன் நான் ஒருவன்தான் என்பதால் அது என் தலையில் விழுந்தது. பிறகு சேர்வரும் என் தலையில் விழுந்தது. லயத்துப் பிள்ளை சேர்வர் பார்க்கிறான் என்று ஊரில் நாலு பேர் பேசியபோது எனக்கு உச்சி குளிர்ந்துதான் போனது. கொழும்பில் இருந்து வருகிற பொறியியலாளர்களுக்குத் தோட்டம் தெரியாது, எனக்குத் தெரியும் என்று வாய்க்கு வாய் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இதை ஏன் சொல்கிறேன் என்பது கொஞ்சம் பொறுத்தால் விளங்கும்.

அந்த சேர்வரில் கொழுந்து நிறை, பெயர்ப் பதிவு, மருந்துச் சாமான் என்று என்னென்னவோ இருந்தன. அவற்றில் ஏதாவது ஒரு நாள் நின்றால் ஏச்சு விழும், அவ்வளவுதான். உயிரோடு சம்பந்தப்பட்டது ஒரே ஒரு அட்டவணைதான், மழை அளவு. ஒரு வருசம் லிந்துலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் லயத்துக்குப் பின்னால் மண் சரிந்து, சனம் மயிரிழையில் தப்பியது. அதற்குப் பிறகு கம்பெனி தன் தோட்டங்களின் உட்பிரிவுகளான பதினொரு டிவிசன்களில் மழை அளக்கும் கருவி வைத்தது. காலையில் பெரட்டுக் களத்தில், அதாவது ஆட்கள் கூடிப் பெயர் கொடுத்து வேலைக்குப் பிரிகிற இடத்தில், ஒருவர் கருவியைப் பார்த்து அளவைக் கைபேசியில் போட்டு அனுப்புவார். சேர்வர் அதைக் கூட்டிப் பார்க்கும். எல்லையைத் தாண்டினால் தோட்டத்துக் காரியாலயத்துக்கு எச்சரிக்கை போகும். அங்கிருந்து கோயில் மைக்கில் சொல்வார்கள், லயத்தில் இருப்பவர்கள் இறங்கிப் பாடசாலைக்குப் போவார்கள். நான் சொல்லப் போகிற நாளுக்கு முன்னால் மூன்று முறை அப்படி இறங்கியிருக்கிறார்கள். மூன்று முறையும் ஒன்றும் நடக்கவில்லை. ஆனாலும் மெசேஜ் வந்தால் போக வேண்டும் என்பது பழகிவிட்டது. மெசேஜ் வராவிட்டால் பயமில்லை என்பதும் கூடவே பழகிவிட்டது.

அந்த லிந்துலைத் தோட்டத்தின் மேல் டிவிசனில் அளவு எடுத்தவர் ராசம்மாக்கா. தாய்மார் வேலைக்குப் போனதும் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக் காம்பராவில் அவர் ஆயா. பெரட்டுக் களத்துக்குப் பக்கத்திலேயே பிள்ளைக் காம்பரா என்பதால் இந்த வேலையையும் அவரிடம் கொடுத்தார்கள். கருவியை அவர் மழப் போத்தல் என்றுதான் சொல்வார். அளவை அனுப்பிவிட்டு அத்தோடு விடமாட்டார், காரியாலயத்துக்கு ஒரு போன் எடுப்பார்.

“தம்பி, மழப் போத்தலு கணக்கு அனுப்புனேன். வந்துருச்சுங்களா?”

“வந்துருச்சுக்கா.”

“எத்தனன்னு காட்டுது?”

“பன்னெண்டு.”

“ஆங், சரிதான். வைக்கிறேங்க தம்பி.”

தினமும் இது நடக்கும். பௌர்ணமி விடுமுறையான போயாவா, ஞாயிறா, அன்று மட்டும் இருக்காது.

அந்தக் காலத்தில் எங்கள் சேர்வருக்குக் கண்காணிப்பு என்று ஒன்றும் கிடையாது. ஒரு நாள் டிஸ்க் நிறைந்து சேர்வர் நின்றுபோனது. நின்றதே எங்களுக்குத் தெரியாது. அரை நாள் கழித்து ஏதோ ஒரு தோட்டத்து எழுதுவினைஞர் போன் பண்ணி, “என்ன சேர், ஒண்ணும் ஏற மாட்டேங்குதே” என்றார். எங்கள் பிரிவுக்கு மேலாளராக இருந்தவர் ஒரு சிங்களப் பெண்மணி. பெயர் வேண்டாம், நாங்கள் மேடம் என்போம். கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும், அதுதான் பயம். சேர்வர் நின்றது உங்களுக்கு எப்போது தெரியும் என்று கேட்டார். தோட்டத்தில் இருந்து போன் வந்ததும் என்றேன். அப்படியென்றால் தோட்டத்துக்காரர்தான் நம்முடைய கண்காணிப்பா என்று சிங்களத்தில் மெதுவாகக் கேட்டுவிட்டு, தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

ஒரு மாதம் உட்கார்ந்து போட்டேன். டிஸ்க், நினைவகம், இணைப்புகள், காப்புப் பிரதி, எல்லாவற்றுக்கும் அலாரம். சுவரில் ஒரு திரை. மழை அளவுக்குப் பதினொரு டிவிசன்களுக்கும் பதினொரு கட்டம். காலை எட்டு மணிக்குள் அளவு வந்தால் கட்டம் பச்சை. வராவிட்டால் அந்தக் கட்டம் சிவப்பாகும், எனக்கும் மேடத்துக்கும் கைபேசியில் அலாரம் அடிக்கும். அலாரம் அடித்தால் தோட்டத்துக் காரியாலயத்துக்குப் போன் பண்ணி ஆள் அனுப்பிப் பார்க்கச் சொல்ல வேண்டும். அப்படித்தான் எழுதி வைத்திருந்தோம்.

முதல் ஞாயிற்றுக்கிழமை பதினொன்றும் சிவப்பு. அடுத்து வந்த போயாவிலும் பதினொன்றும் சிவப்பு. மேடம் பன்சலையில், அதாவது புத்த விகாரையில், கண்ணை மூடி உட்கார்ந்திருந்தபோது கைப்பைக்குள் பதினொரு முறை அலறியிருக்கிறது. மறுநாள் வந்து சொன்னார், இதை ஒழுங்கு பண்ணுங்கள், இல்லாவிட்டால் நான் போனை அணைத்து வைக்கப் பழகிவிடுவேன், உண்மையாக ஒன்று வருகிற நாளில் எனக்குத் தெரியாமல் போகும் என்று. அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. பொய் அலாரம் எவ்வளவு கெட்டது என்பதை நீங்களும் பட்டுத் தெரிந்துகொள்வீர்கள்.

ஒழுங்கு பண்ணுவது எனக்குப் பெரிய காரியமாகத் தெரியவில்லை. ஞாயிறும் போயாவும் ஏன் அளவு வருவதில்லை? பெரட்டு இல்லை, அதனால் களத்துக்கு யாரும் வருவதில்லை. அன்றைய பெரட்டில் எத்தனை பேர் பெயர் கொடுத்தார்கள் என்பது அதே டேட்டாபேஸில் வேறொரு அட்டவணையில் இருக்கிறது. இரண்டையும் முடிச்சுப் போட்டேன். ஒரு டிவிசனில் அன்று பெரட்டு இல்லையென்றால் அங்கிருந்து மழை அளவையும் எதிர்பார்க்காதே, அலாரம் அடிக்காதே, கட்டம் முந்தின நாள் எந்த நிறத்தில் இருந்ததோ அப்படியே இருக்கட்டும். பத்து வரிகூட இல்லை. கொழும்பில் இருந்து வருபவன் விடுமுறை நாட்காட்டியைத் தேடி ஓடியிருப்பான், லயத்தில் பிறந்தவனுக்குத்தான் பெரட்டைப் பிடிக்கத் தோன்றும் என்று எனக்கு நானே தோளில் தட்டிக்கொண்டேன்.

மேடம் ஒரு கேள்வி கேட்டார். விடுமுறை இல்லாத நாளில் பெரட்டு நின்றால் என்ன ஆகும்? நான் சிரித்தேன். பெரட்டு நிற்காது மேடம், என் அம்மா கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு கொட்டுகிற மழையில் போயிருக்கிறார், காய்ச்சலில் போயிருக்கிறார், வானம் இடிந்து விழுந்தாலும் தோட்டத்தில் பெரட்டு உண்டு என்றேன். உங்களுக்குத் தெரியாததா என்று மேடம் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அவர் கேட்டது சரியான கேள்வி. நான் சொன்ன பதில் என் சின்ன வயதுத் தோட்டத்தைப் பற்றியது. லயத்தை விட்டு வந்து இருபத்தைந்து வருசம் ஆகியிருந்தது எனக்கு. அங்கே இப்போது என்ன நடைமுறை என்று ஒரு கண்டாக்கைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கண்டாக்கு என்றால் தேயிலை மலையில் ஆட்களை மேற்பார்க்கிற உத்தியோகத்தர், கூப்பிட்டால் மரியாதையாகப் பதில் சொல்லியிருப்பார். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே, நான் ஏன் கேட்கப் போகிறேன்.

இன்னொன்றும் செய்தேன். அடுத்த நாள் ராசம்மாக்கா வழக்கம்போலப் போன் எடுத்தார்.

“அக்கா, இனிமே போன் எடுக்க வேணாம். கணக்கு வரலேன்னா மெஷினே எங்களுக்குச் சொல்லிரும்.”

“அப்ப நான் ஒண்ணும் பண்ண வேணாங்களா?”

“அனுப்பிவிட்டாப் போதும்.”

“வந்துச்சா வரலையான்னு எனக்கு எப்புடித் தம்பி தெரியும்?”

“அதப் பாக்கத்தானேக்கா நாங்க இருக்கோம்.”

“சரிங்க தம்பி, ஒங்களுக்கும் தெனம் தொந்தரவாத்தான் இருந்திருக்கும்” என்றார். அப்படி இல்லக்கா என்று ஒரு வாய்ப்பேச்சுக்குக்கூட நான் சொல்லவில்லை. தொந்தரவாகத்தான் இருந்தது.

ஒன்றரை வருசம் எல்லாம் ஒழுங்காக ஓடியது. பொய் அலாரம் ஒன்றுகூடக் கிடையாது. தலைமைக் காரியாலயத்தில் இருந்து வந்தவர்கள் திரையைப் பார்த்துப் பாராட்டிவிட்டுப் போனார்கள்.

பிறகு அந்த மழை. இரண்டு நாள் விடாமல் கொட்டி, மூன்றாம் நாள் காலையில் காற்றும் சேர்ந்துகொண்டது. ஹட்டன் கடைவீதியில் பாதிக் கடை திறக்கவில்லை. மின்சாரம் போய், நாங்கள் ஜெனரேட்டரில் ஓடிக்கொண்டிருந்தோம். எனக்கு இருந்த கவலையெல்லாம் ஜெனரேட்டருக்கு எண்ணெய் போதுமா, சேர்வர் அணைந்துவிடுமோ என்பதுதான். அணையவில்லை. எட்டரை மணிக்குத் திரையைப் பார்த்தேன். பதினொரு கட்டமும் பச்சை. மேடம் நனைந்த குடையோடு உள்ளே வந்து, எல்லாம் சரியா என்று கேட்டார். தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லாம் பச்சை மேடம் என்றேன். அந்த வாக்கியத்தை நான் எத்தனை தரம் மனசுக்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்திருக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியாது.

அந்தப் பச்சையில் ஏழு, நேற்றைய பச்சை. நேற்றுக் காலைவரை கூட்டிய மழை எல்லையைத் தொட்டிருக்கவில்லை. ஏழு டிவிசன்களில் அன்று பெரட்டு நடக்கவில்லை.

சில வருசங்களுக்கு முன்னால் இப்படி ஒரு காற்றில் மரம் முறிந்து விழுந்து, மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு இடுப்பு போய்விட்டதாம். அதிலிருந்து, காற்றும் மழையும் சேர்ந்தால் அன்று பெரட்டு வேண்டாம் என்று தொரமார் முடிவு செய்திருக்கிறார்கள். தோட்டத்து மேலாளரை இன்னும் தொர என்றுதான் சொல்கிறோம். நல்ல முடிவு. என் அம்மா காலத்தில் அப்படி ஒரு முடிவு இருந்திருந்தால் அவர் முழங்கால் இவ்வளவு சீக்கிரம் போயிருக்காது. ஆனால் அது எனக்குத் தெரியாது. பெரட்டு இல்லை என்றதும் என்னுடைய பத்து வரி, ஓ, இன்று விடுமுறை என்று எடுத்துக்கொண்டது. மழை எவ்வளவு மோசமோ, அவ்வளவு நிச்சயமாக வாயை மூடிக்கொள்கிற அலாரத்தை நான் கட்டி வைத்திருந்தேன். வேலை இல்லாததால் லயத்துச் சனம் எல்லாம் அன்று காம்பராவுக்குள்ளேயே, அவரவர் வீட்டு அறைக்குள்ளேயே, இருந்தது. கீழே பங்களாவில் இருந்த தொரையும் தன் கைபேசியில் நம்முடைய கட்டத்தைத்தான் பார்த்திருக்கிறார். மேல் டிவிசன் பச்சை.

மேலே நடந்ததைப் பிறகு ராசம்மாக்கா வாயாலேயே கேட்டேன். பெரட்டு இல்லாவிட்டாலும் அவர் களத்துக்குப் போயிருக்கிறார். கருவி நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. அளவைப் போட்டு அனுப்பினார். கைபேசியில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. சிக்னல் கிடைக்கும் என்று கோயில் பாறை மேல் ஏறி நின்று மறுபடி அனுப்பினார், அப்போதும் சுற்றியது. போனதா, போகவில்லையா என்று தெரியாமல் இறங்கி வந்தார். வரவில்லையென்றால் தம்பி பார்த்து ஆள் அனுப்புவார் என்று நினைத்திருக்கிறார். ஆனாலும் மனசு கேட்காமல், கதவு கதவாகத் தட்டிச் சனத்தைக் கிளம்பச் சொல்லியிருக்கிறார். சிலர் கிளம்பினார்கள். அவருடைய வீட்டுக்காரர் முத்தையா கிளம்பவில்லை.

“எந்திரிங்க, போத்தலு நெறஞ்சு வழியுது. எனக்கு என்னமோ போல இருக்கு.”

“மெசேஜ் வந்துச்சா?”

“வரல.”

“வந்தா போவோம். மூணு தடவ சட்டி பானையத் தூக்கிக்கிட்டு ஓடுனோம், என்னா ஆச்சு? ஆபீசுல ஆளு பாத்துக்கிட்டுத்தானே இருக்காங்க.”

பக்கத்துக் காம்பராப் பிள்ளைகளை முதலில் பாடசாலையில் விட்டுவிட்டு வந்து இவரை இழுத்துக்கொண்டு போகலாம் என்று, இரண்டு பிள்ளைகளை இடுப்பிலும் கையிலும் பிடித்துக்கொண்டு இறங்கியிருக்கிறார். திரும்பி வருகிற வழியில் சத்தம் கேட்டது. லயத்தின் கடைசி ஐந்து காம்பரா மண்ணுக்குள் போனது. முத்தையாவையும் சேர்த்து மூன்று பேர் செத்தார்கள். ராசம்மாக்கா கதவைத் தட்டியிராவிட்டால் இன்னும் எத்தனை பேரோ.

பதினொரு மணிக்கு மேல் எங்களுக்குப் போன் வந்தது. ஓடிப்போய்த் திரையைப் பார்த்தேன். மேல் டிவிசன் அப்போதும் பச்சையாகத்தான் இருந்தது. அந்தப் பத்து வரியைத் திறந்து படித்தேன். இரண்டாம் முறை படிப்பதற்கு முன்பே விளங்கிவிட்டது.

விசாரணைக்கு ஒரு குழு வந்தது. உள்ளே போவதற்கு முன்னால் மேடம் என்னைப் பார்த்து, கேட்கிற கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள் என்றார். அவர் அப்படிச் சொன்னார் என்று பழியை அவர் மேல் தூக்கிப் போடமாட்டேன். எனக்கு அந்த நேரத்தில் யாராவது அப்படிச் சொல்லமாட்டார்களா என்றுதான் இருந்தது. மூன்று கேள்வி கேட்டார்கள். அன்று சேர்வர் ஓடியதா? ஓடியது. மேல் டிவிசனில் இருந்து அளவு வந்ததா? வரவில்லை. வந்திருந்தால் எச்சரிக்கை போயிருக்குமா? போயிருக்கும். மூன்றும் உண்மை. கணினிப் பிரிவில் குறை இல்லை, மேல் டிவிசனில் இருந்து அளவு அனுப்பப்படவில்லை என்று எழுதிவிட்டுப் போனார்கள். அந்தத் தாளைப் படித்தபோது எனக்கு அப்பாடா என்று இருந்தது. இதைச் சொல்ல நாக்குக் கூசுகிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது.

அந்த வாரமே சாம்பல் நிறத்தைப் போட்டேன். அளவு வரவில்லையென்றால், காரணம் எதுவாக இருந்தாலும், விடுமுறையே ஆனாலும், கட்டம் சாம்பலாகும். எங்களுக்குத் தெரியாது என்று அர்த்தம். மழைக்காலத்தில் சாம்பல் வந்தால் தோட்டத்துக்குப் போன் பண்ணியே ஆக வேண்டும். பொய் அலாரம் மறுபடி வந்தது, ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டுப் போன் பண்ணினேன். உங்களில் ஒருத்தர் போன வருசம் இதை எடுத்துவிடலாமா என்று கேட்டீர்கள், நான் எரிந்து விழுந்தேன். இப்போது காரணம் தெரிந்திருக்கும். ஏதாவது ஒரு அலாரத்தை நிறுத்துவதற்கு முன்னால், அது எந்த நாளில் அடிக்காமல் போகும், அந்த நாளில் வெளியே என்ன நடந்துகொண்டிருக்கும் என்று யோசியுங்கள். உங்களுக்குத் தெரியும் என்று நினைத்தால், அங்கே இருக்கிற ஒருவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

மெஷினைத் திருத்திவிட்டேன், இனி என்ன என்று இருந்தேன். எட்டு மாதம் அப்படி இருந்தேன்.

எட்டு மாதம் கழித்து மேல் டிவிசனில் தானாக அளந்து அனுப்புகிற புதுக் கருவி பூட்டப் போக வேண்டியிருந்தது. வீடு இழந்தவர்கள் பாடசாலை மைதானத்து ஓரத்தில் தகரக் கொட்டகைகளில் இருந்தார்கள். கண்டாக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். தண்ணீர்க் குழாயில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். வரிசை முடிந்து, நாலடி தள்ளி, ஒரு வாளியோடு ராசம்மாக்கா தனியாக நின்றார்.

“அந்தம்மாதான் சேர்” என்றார் கண்டாக்கு, குரலைக்கூடத் தாழ்த்தாமல். “அன்னிக்குக் கணக்கு அனுப்பாம விட்டது. ரிப்போர்ட்டுல இருக்கு. புள்ளக் காம்பராவுலயும் இப்ப சேக்குறதில்ல, தாய்மாரு புள்ளைங்கள விட மாட்டேங்கிறாங்க. பெத்த மகனே பேசுறதில்ல.”

எங்கள் பிரிவில் குறை இல்லை என்று எழுதிய அந்தத் தாள், மலை ஏறிப் போய் அவர் தலையில் விழுந்திருக்கிறது. யாராவது ஒருவர் மேல் விழுந்துதானே ஆக வேண்டும், நான் விலகிக்கொண்டேன் அல்லவா. அது எனக்கு எட்டு மாதமாகத் தோன்றவே இல்லை.

அவரே என்னைப் பார்த்துவிட்டு வாளியை வைத்துவிட்டு வந்தார். மெலிந்து போயிருந்தார்.

“தம்பி, ஒங்கள ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அன்னிக்கு நான் அனுப்புனது கடைசியிலயாவது வந்துச்சுங்களா?”

“வரலக்கா.”

“அப்ப அவங்க சொல்றது சரிதான். என் தப்புத்தான்.”

“இல்லக்கா. ஒங்க தப்பு இல்ல. வரலேன்னா எங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். மெஷின் சத்தம் போட்டிருக்கணும். பெரட்டு இல்லாத நாள்ல சத்தம் போடாதேன்னு நான்தான் மாத்தி வச்சேன். ஒங்களையும் போன் எடுக்க வேணாம்னு சொன்னது நான்தான்.”

குழாயடியில் பேச்சு நின்றுவிட்டது. கண்டாக்கு என் கையைப் பிடித்து, “சேர், இங்க வச்சு இதெல்லாம் வேணாம்” என்றார். நான் கையை உதறிவிட்டு அந்தப் பெண்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி முதலில் இருந்து இன்னொரு தடவை சொன்னேன். மெஷின் சமாச்சாரம் எவ்வளவு விளங்கியதோ தெரியாது. ஒரு அம்மா மட்டும், “அப்ப நீங்க பாத்துக்கிட்டு இருக்கல?” என்று கேட்டார். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், பச்சையாக இருந்தது என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ராசம்மாக்கா அழவில்லை. ஏசவும் இல்லை. “எனக்கு எதுக்குங்க தம்பி இது இப்ப” என்றார். “என் மகன்கிட்ட போய்ச் சொல்லுங்க. நுவரெலியாவுல கரட்டு கழுவுற எடத்துல நிக்கிறான்.”

அன்று மாலையே மேடத்துக்கு எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் இரண்டு முறை வாசித்தார். “பெரட்டு நின்றால் என்ன ஆகும் என்று அன்றைக்குக் கேட்டதை நானே இன்னொரு முறை கேட்டிருக்க வேண்டும்” என்றார். கடிதத்தை விசாரணைக் கோப்போடு சேர்த்து மேலே அனுப்பினார். எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. பழைய தாளை யாரும் மாற்றி எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நுவரெலியாவுக்குப் போனேன். ஓடைக்கரையில் கரட் கிழங்கைக் கழுவி மூட்டை கட்டுகிற இடம். ராசம்மாக்காவின் மகன் சுதாகர், ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு தண்ணீருக்குள் நின்றான். இருபத்து மூன்று, இருபத்து நாலு வயது இருக்கும். யார் என்று சொன்னேன். கரையேறி வந்தான். குளிர்தண்ணீரில் கை இரண்டும் சிவந்து வெடித்திருந்தது. நடந்ததை முழுவதும் சொன்னேன்.

“இத ஏன் சேர் விசாரணையில சொல்லல?”

“கேக்கல தம்பி. கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னேன்.”

என் சட்டையைப் பிடிப்பான் என்று நினைத்தேன். பிடித்திருந்தால் எனக்கு ஆறுதலாகக்கூட இருந்திருக்கும். அவன் ஒரு கரட் மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டான்.

“நானும் கேக்கல சேர்” என்றான். “அனுப்புனியா, என்னா நடந்துச்சுன்னு அம்மாகிட்ட ஒரு வார்த்த கேக்கல. ரிப்போர்ட்டு வந்தன்னிக்கு நேரா கொட்டகைக்குப் போயி, எல்லாரும் பாக்க, அப்பாவ நீதான் கொன்னேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.”

“அம்மா என்ன சொன்னாங்க?”

“ஆமாப்பான்னாங்க.”

லொறி வந்து ஹோன் அடித்தது. யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவன் எழுந்திருக்கவில்லை.

“இப்ப எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அம்மா முன்னால போயி நிப்பேன், சொல்லுங்க” என்றான்.

மறுபடி கூப்பிட்டார்கள், எழுந்து மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு போனான். நான் ஹட்டன் பஸ் ஏறினேன். அவன் இன்னும் மேல் டிவிசனுக்குப் போகவில்லை என்று போன மாதம்கூட விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.